விழித்திருக்கும் முறை

கட்டிலின் மூன்று கால்கள் ஒழுங்காக விரிந்துவிட்டன. நான்காவது மட்டும் பாதியில் நின்றுகொண்டு அடம்பிடித்தது. அவள் தரையில் மண்டியிட்டு, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அதன் மூட்டைப் பிடித்துத் திருகிப் பார்த்தாள். அதையும் குறை சொல்ல முடியாது. படித்து முடித்த கையோடு ஆசையாக வாங்கிய சிகிச்சைக் கட்டில் அது. வாங்கிய வேகத்திலேயே மடித்து, வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளியாகிவிட்டது. அப்புறம் அதன் மேல் பழைய போர்வைகள் ஏறின, ஓடாத மின்விசிறி ஏறியது, யாருக்கும் வேண்டாத ஒரு பெட்டியும் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்றைக்குக் காலையில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துத் தூசி தட்டிக் கொடுத்தபோது, கணவன் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "இது இவ்ளோ கனமாவா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டான். நல்ல மனுஷன். அதற்கு மேல் கேட்க மாட்டான். கேட்டால் அவள் அழுதுவிடுவாளோ என்று பயம்.

உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டியதும் கால் விரிந்தது. எழுந்து நின்று பார்த்தாள். அறை என்று சொல்வதற்குக் கொஞ்சம் தாராள மனசு வேண்டும். பெண்கள் அழகு நிலையம் ஒன்றின் பின்பக்கத்து மூலை அது. முன்பு மெழுகு போட்டு முடி எடுக்கிற இடமாக இருந்தது. சுவரில் அந்த வாசனை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டிலை விரித்த பிறகு ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கத்தான் இடம். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் முதுகு. கதவுக்கு அந்தப் பக்கம் தலைமுடி உலர்த்துகிற இயந்திரம் மூச்சு விடாமல் இரைந்துகொண்டிருந்தது.

கடையின் சொந்தக்காரியை எல்லாரும் பார்லரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சிகிச்சை செய்ய இந்த மூலையை வாடகைக்குக் கேட்டபோது, அந்த அம்மாள் போன வாரமே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"சான்றிதழ் எல்லாம் எடுக்காத. செவத்துல மாட்டினா செவுருதான் அழகா இருக்கும். எவளையாவது ஒருத்திய கூட்டிட்டு வா. உள்ள போறப்ப அவ மூஞ்சிய ஒரு தடவ பாப்பேன், வெளிய வர்றப்ப ஒரு தடவ பாப்பேன். அவ்ளோதான் என் பரீட்சை. நகத்துக்குப் பூப்போடுற பொண்ணு ஒண்ணும் இந்த ரூமக் கேட்டு நச்சரிக்குது. அடுத்த வாரத்துக்குள்ள அதுக்கு ஒரு பதில் சொல்லியாகணும்."

மூஞ்சியைப் பார்த்தே பிழைக்கிறவள் அப்படித்தானே பேசுவாள். ஆனால் அந்த "எவளையாவது ஒருத்தி" கிடைப்பதுதான் குதிரைக்கொம்பாக இருந்தது. மாடிவீட்டுக்காரிக்குத் திடீரென்று சளி பிடித்தது. பழைய அலுவலகத் தோழி, "கண்டிப்பா வரேன்டி, வேற நாள்" என்றாள். ஓரகத்தி போனையே எடுக்கவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. தூங்கி விழுந்தவளின் கையில் உடம்பைக் கொடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். அவள் பல வருஷம் ஒரு பெரிய கம்பெனியின் புகார்ப் பிரிவில் இரவு வேலை பார்த்தவள். போனைக் காதில் மாட்டிக்கொண்டால் விடிகிற வரைக்கும் திட்டு. முகம் தெரியாத ஜனங்கள் முகம் தெரியாத அவளைத் திட்டுவார்கள், அவள் மன்னிப்புக் கேட்பாள். அதில்தான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். கத்துகிறவரின் மூச்சோடு தன் மூச்சைச் சேர்த்துவிட்டு, பிறகு மெல்ல மெல்லத் தன்னுடையதை நிதானமாக்கினால், அந்தப் பக்கத்துக் குரலும் கூடவே இறங்கி வந்தது. கடைசியில், "சரிம்மா, நீ என்ன பண்ணுவ, பாவம்" என்று அவர்களே வைத்துவிடுவார்கள். இந்த வித்தையை நம்பித்தான் ஹோலிஸ்டிக் தெரபி வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். உடம்பையும் மனசையும் தனித்தனியாகப் பிரிக்காமல் ஆளை முழுசாகப் பார்க்கிற சிகிச்சை என்றார்கள். கால் பிடிப்பது, தலை பிடிப்பது, மூச்சைக் கவனிப்பது, வாயை மூடிக்கொண்டு காது கொடுப்பது. வாய் மூடுவதைத் தவிர மற்றதெல்லாம் மற்றவர்களுக்குச் சுலபமாக வந்தது. அவளுக்கு எல்லாமே வந்தது. "இந்த மாதிரி மூச்சோட சேந்து போறது எல்லாருக்கும் அமையாதும்மா" என்று சொல்லிக்கொடுக்கிற அம்மாளே ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னாள்.

கடைசிப் பரீட்சை ஒரு காலை நேரத்தில் வந்தது. ராத்திரி வேலையை முடித்துக்கொண்டு நேரே போனாள். சோதிக்க வந்த அம்மாள் படுத்துக்கொண்டாள். இவள் தலைமாட்டில் உட்கார்ந்து, அவளுடைய தலையை இரண்டு கையிலும் ஏந்தி, மூச்சோடு மூச்சைச் சேர்த்தாள். அந்த மூச்சு இறங்க இறங்க இவளும் இறங்கினாள். அடுத்து அவளுக்கு நினைவிருப்பது, தன் நெற்றி யாருடைய நெற்றியின் மேலோ கிடக்கிறது என்பதும், அறை முழுக்கச் சிரிப்பு என்பதும்தான். குறட்டை கூட விட்டாளாம். சான்றிதழைக் கொடுத்துவிட்டார்கள். கொடுக்கிற கையிலும் சிரிப்பு இருந்தது. கூடப் படித்தவர்கள் கும்பகர்ணி என்று பேர் வைத்தார்கள். அன்றிலிருந்து யார்மேல் கை வைத்தாலும் அவளுக்கு உடம்பு விறைத்துக்கொள்ளும். தூங்கிவிடுவேனோ, தூங்கிவிடுவேனோ என்று மனசு அடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கையை யார் விரும்புவார்கள்? கட்டில் அடியில் போனது. அவள் புகார்ப் பிரிவுக்கே திரும்பிப் போனாள். போன வருஷக் கடைசியில் அதையும் மூடிவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு இயந்திரம் மன்னிப்புக் கேட்கிறது. இவளைவிட நன்றாகவே கேட்கிறதாம்.

கடைசியில் வருவதாகச் சொன்னது ஒரே ஆள், அதுவும் கேட்காமலே. அவளுடைய நாத்தனார். கணவனின் அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தம்பியோடு போனில் பேசும்போது விஷயம் காதில் விழ, "நான் வரேன்னு சொல்லு. எனக்கு முதுகு விண்ணு விண்ணுனு தெறிக்குது, எவ அமுக்கினா என்ன" என்றாளாம். கணவன் இதைச் சொன்னபோது இவள் உடனே வேண்டாம் என்றுதான் சொல்லப் பார்த்தாள். ஏனென்றால் குடும்பத்தில் அந்த நாத்தனாருக்கு இன்னொரு பேர் உண்டு. கஷாயம். குழந்தை பிறந்தது என்று சொன்னாலும், வீடு வாங்கினோம் என்று சொன்னாலும், அப்போதுதான் ஒரு டம்ளர் கஷாயத்தைக் குடித்து முடித்த முகம்தான். வெளியே வரும்போது முகத்தைப் பார்த்து மதிப்பெண் போடப் போகிறார்கள், அதற்கு இந்த முகம்! நினைத்துப் பாருங்கள் அவள் நிலைமையை.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி, கூட்டம் குறைந்த வேளையில் நாத்தனார் வந்து சேர்ந்தாள். ராத்திரி வேலை முடிந்தும் மாற்று ஆள் வராமல் மதியம் வரை நின்றுவிட்டு வருகிறாளாம். கையில் துணிப்பை, நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு. வாசலிலேயே பார்லரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இவளை ஓரமாக இழுத்துக் காதோடு, "இந்த மூஞ்சியவா தேடிப் பிடிச்ச? நல்லா யோசிச்சுதான் கூட்டியாந்தியா?" என்று கேட்டாள்.

உள்ளே வந்த நாத்தனார் சுவரையும் கட்டிலையும் பார்த்தாள்.

"இதுதான் உன் ஆஸ்பத்திரியா? எங்க லிஃப்டு இதவிடப் பெருசு."

"வாங்க அண்ணி. பைய இப்படிக் குடுங்க."

"எண்ண கிண்ண தடவாத. வாசனயெல்லாம் வேண்டாம். ஏற்கெனவே மேலெல்லாம் மருந்து நாத்தம். அதென்னமோ முழுசா பாக்குறதாமே, தம்பி சொன்னான். நாங்க மட்டும் என்ன, பாதிய பாத்துட்டா வீட்டுக்கு அனுப்புறோம்?"

"இல்ல அண்ணி, அது வந்து..."

"சரி விடு. எங்க படுக்கணும்? இது தாங்குமா?"

அந்த நான்காவது கால் அவள் நினைவுக்கு வந்தது. தாங்கும் என்று சொன்னாள்.

நாத்தனார் மல்லாந்து படுத்தாள். படுத்தாள் என்பதைவிட, படுக்கையில் தன்னை நீட்டி வைத்தாள் என்பதே சரி. கண் மூடவில்லை. கூரையில் ஈரம் ஊறிய ஒரு கறையைப் பார்த்தபடி, நேற்று வார்டில் யார் யாரைக் கடித்துக் குதறினார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இவள் அதற்குள் வாயில் ஒரு மிளகை அடக்கிக்கொண்டாயிற்று. தூக்கம் எட்டிப் பார்த்தால் கடித்துக்கொள்ளலாம். ஸ்டூல் பக்கத்திலேயே இருந்தது. அவள் உட்காரவில்லை. நின்றபடியே தோளைப் பிடித்தாள். கழுத்தின் இரண்டு பக்கமும் கயிறு முறுக்கின மாதிரி இருந்தது. அழுத்தினாள். "அங்க வேண்டாம், நரம்பு" என்றாள் நாத்தனார். கொஞ்சம் கீழே போனாள். "கை ஏன் இவ்ளோ சில்லுனு இருக்கு?" என்றாள் நாத்தனார். கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். வெளியே இயந்திரம் இரைந்தது. யாரோ சிரித்தார்கள். தன்னைத்தானோ என்று ஒரு நொடி தோன்றியது. வகுப்பில் படித்த ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. எப்போது இது முடியும், எப்போது கட்டிலை மடிக்கலாம், மடித்தால் கணவனுக்குப் போன் பண்ண வேண்டும், அவன் ஒன்றும் கேட்காமல் தோளில் தூக்கிக்கொள்வான் என்று மனசு பாட்டுக்கு முன்னால் ஓடியது. அலுப்பாக இருந்தது. இன்றைய அலுப்பு இல்லை அது. எத்தனையோ ராத்திரிகளாகச் சேர்ந்து எலும்புக்குள் இறங்கிவிட்ட அலுப்பு. அவள் கால் பக்கம் நகர்ந்து நின்றாள்.

"ஏம்மா."

"சொல்லுங்க அண்ணி."

"எதுக்கு இப்படி வெறச்சுகிட்டு நிக்கிற? ஐ.சி.யூ. வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் மாதிரி. அந்த ஸ்டூல்லதான் உக்காரேன். உன்ன பாத்தா எனக்குக் கால் வலிக்குது."

ஏதாவது சமாளித்திருக்கலாம். நின்றுகொண்டு செய்வதுதான் முறை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சமாளிக்கத் தெம்பு இல்லை.

"உக்காந்தா தூங்கிடுவேனோன்னு பயமா இருக்கு அண்ணி."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். நாத்தனார் இதை விடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் குடும்பம் பூராவும் சொல்லிச் சிரித்து ஓய்ந்துவிடும். ஆனால் நாத்தனார் சிரிக்கவில்லை. கூரைக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வார்டுல முன்ன ரெண்டு பேரு இருப்போம்" என்றாள். குரல் தணிந்திருந்தது. "எத்துப்பல்லுக்காரி ஒருத்தி, நான் ஒருத்தி. ராத்திரி வேலைல தூங்கக் கூடாதுதான். ஆனா மனுசங்கதானே. அதனால முறை போட்டுக்குவோம். அவ தலைய சாச்சா நான் கண்ண மூடமாட்டேன். நான் சாச்சா அவ மூடமாட்டா. ஒரு நாள்கூட ஏமாத்தினதில்ல அவ. அவ முழிச்சிருக்கான்னா, நான் மேசமேல தலைய வச்சுப் பொணம் மாதிரி தூங்குவேன். அந்தக் கொஞ்ச நேரத் தூக்கம் இருக்கே, அந்த மாதிரி எங்க வீட்டு மெத்தைல கூட வந்ததில்ல."

"இப்ப அவங்க?"

"ஆள கொறச்சுட்டாங்கல்ல. இப்ப வார்டுக்கு ஒருத்திதான். அது பரவாயில்லம்மா, வேலைய செஞ்சுடலாம். வீட்டுக்கு வந்தும் தூங்க முடியல, அதான். கண்ண மூடினா காது தொறந்துக்குது. இப்ப யாரு முறை, இப்ப யாரு முறைன்னு உள்ள ஒண்ணு கேட்டுகிட்டே கெடக்குது. எங்க வீட்டுக்காருதான் பக்கத்துல படுத்திருக்காரு. ஆனா அந்த மனுஷன் எனக்கு முன்னாடி தூங்கிடுறாரே!"

இவளுக்குச் சிரிப்பு வந்தது. நாத்தனாரின் வாயோரமும் ஒரு இழை அசைந்ததோ என்னவோ. அப்புறம் அவள் தலையைத் தூக்கி, கால்மாட்டில் நின்றவளை நேராகப் பார்த்தாள். அது தம்பி பெண்டாட்டியைப் பார்க்கிற பார்வை இல்லை. வேலைக்குப் புதிதாக வந்தவளை நம்பலாமா வேண்டாமா என்று எடை போடுகிற பார்வை.

"நீ முழிச்சிருப்பியா?"

முதுகைப் பற்றி ஏதாவது கேட்டிருந்தால் பதில் சொல்லிவிடலாம். உலகத்தில் எத்தனையோ கேள்வி இருக்க, இவளிடம் போய் இதைக் கேட்கிறாளே. மிளகு நாக்குக்கு அடியில் எரிந்தது.

"இருப்பேன் அண்ணி."

"நெஜமா?"

"நெஜமா."

"முடியலன்னா சொல்லிட்டுத் தூங்கு. அது போதும்."

நாத்தனார் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இவள் ஒரு போர்வையை அவள் இடுப்பு வரை போர்த்திவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாத்தனாரின் பாதங்களை இரண்டு கையாலும் பிடித்தாள். அமுக்கவில்லை, பிடித்துக்கொண்டாள். பித்தவெடிப்பும், காலுறையின் ரப்பர் பதிந்த வட்டமுமாக, நின்று நின்று பரந்துபோன பாதங்கள். மூச்சைக் கவனித்தாள். முதலில் அது மேலேயே, கழுத்துக்குக் கீழே, அவசரமாகப் போய் வந்தது. கண் மூடியிருந்தாலும் இமைக்குள் விழிகள் அலைந்தன. வெளியே எதுவோ கீழே விழுந்தது. உடம்பு முழுக்க ஒரு துள்ளு. "நான் இருக்கேன் அண்ணி" என்றாள் இவள். மறுபடி கொஞ்ச நேரம். பாத்திரம் கழுவுகிற சத்தம். இந்த முறை கால் விரல்கள் மட்டும் துள்ளின. பிறகு மூச்சு நெஞ்சுக்கு இறங்கியது. நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு. அதன் கூடவே போகச் சொல்லி இவளுடைய மூச்சும் இழுத்தது. பழகின வழி அல்லவா. வழுக்குப் படி மாதிரி இருந்தது அது. ஒரு அடி வைத்தால் போதும், அப்படியே அடியில் போய்ச் சேர்ந்துவிடலாம். கண் சொக்கியது. மிளகைக் கடித்தாள். உறைத்தது, அவ்வளவுதான். சொக்கல் போகவில்லை.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. கூட வரச் சொல்லி யாரும் கேட்கவில்லையே. இவ்வளவு காலமும் தண்ணீரில் இறங்குகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு தானும் இறங்குவதுதான் அன்பு என்று நினைத்திருந்தாள். போனில் அப்படித்தான் செய்தாள், வகுப்பில் அதற்குத்தான் பாராட்டினார்கள். இந்த அம்மாளுக்குத் துணையாக மூழ்க ஒருத்தி வேண்டியதில்லை. கரையில் துணியைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தால் போதும். அவள் தன் மூச்சை அந்த மூச்சிலிருந்து மெல்ல அவிழ்த்து எடுத்தாள். குழந்தையின் கைக்குள் இருந்து விரலை உருவுகிற மாதிரி. அது அது பாட்டுக்குப் போகட்டும், இது இது பாட்டுக்கு. நாத்தனாரின் மூச்சு நீண்டு நீண்டு, நடுவில் ஒரு இடத்தில் நிற்கவே நின்று, பிறகு ஒரு பெரிய பெருமூச்சாக வெளியே வந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. கைவிரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. இவள் அலுப்போடுதான் இருந்தாள். முதுகு வலித்தது. ஆனால் விழித்திருந்தாள். அதற்காகப் பெரிய பிரயத்தனம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

கதவை விரல் நுனியால் யாரோ தட்டினார்கள். நாத்தனாரின் கால் துள்ளவில்லை. இவள் பாதங்களை மெதுவாகப் போர்வைக்குள் வைத்துவிட்டு, எழுந்து போய்க் கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்தாள். பார்லரம்மா. கையில் சீப்பு.

"டைம் ஆச்சு. எழுப்பு. முடி எடுக்க ஒரு பொண்ணு வரப்போவுது, பழையபடி இங்கதான் படுக்க வைக்கணும், அதுக்குள்ள கட்டில மடிச்சு எடம் குடு."

"இல்லக்கா."

"என்ன இல்ல?"

"இப்ப எழுப்ப முடியாது. தூங்குறாங்க."

"தூங்கவா கூட்டியாந்த? நான் மூஞ்சிய பாக்கணும்னு சொன்னேன்ல?"

"அவங்களா எழுந்து வருவாங்க. அப்ப பாருங்க."

பார்லரம்மாவுக்கு முகம் சிவந்தது. இப்படி அவளிடம் யாரும் பேசுவதில்லை. "நகக்காரப் பொண்ணு முன்னாடி வந்து உக்காந்திருக்கா, தெரியுமா? அவ இப்பவே சரின்னா நான் சரின்னுடுவேன்."

அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. கட்டில், கணவனின் தோள், படி, வீட்டுக் கட்டிலின் அடி எல்லாம் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. அறை வேண்டும். இதை விட்டால் இன்னொரு தடவை ஆரம்பிக்கிற தெம்பு தனக்கு இல்லை என்பதும் தெரியும். திரும்பிப் பார்த்தாள். போர்வைக்கு மேலே அந்த வயிறு ஏறி, நிதானமாக இறங்கியது.

"அந்தப் பொண்ணுக்கே குடுக்கறதுன்னாலும் குடுத்துடுங்கக்கா. வருத்தமாதான் இருக்கும். ஆனா இப்ப எழுப்ப மாட்டேன். முழிச்சிருக்கேன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

பார்லரம்மா ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"அப்புறம், அந்த மிஷினக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இவள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கதவைச் சாத்த மறந்துபோனது. போய்ச் சாத்தினால் கீல் சத்தம் போடும். அவள் பாதங்களை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். வெளியே இயந்திரம் முன்னைப்போலவே இரைந்தது. இரைந்துகொண்டே இருந்தது. அப்புறம், ஒரு வார்த்தையை முடிக்காமல் விட்ட மாதிரி, சட்டென்று நின்றது.

கதவு இடுக்கு வழியாகக் கண்ணாடியின் ஒரு துண்டு தெரிந்தது. அதில், பாதித் தலை உலர்ந்து பறந்தும் மீதிப் பாதி ஈரமாகக் கன்னத்தில் ஒட்டியும், யாரோ ஒரு பெண் அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சீப்பைப் பிடித்த கை ஒன்று பாதி உயரத்தில் நின்றது. பார்லரம்மாவின் கண், கண்ணாடி வழியாக, உள்ளே தூங்குகிற முகத்தின் மேல் இருந்தது. அந்தப் பெண்ணின் ஈரமான பக்கத்திலிருந்து ஒரு சொட்டு நுனி முடியில் வந்து திரண்டு, கனத்து, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.